வண்டி மேட்டர்: டக்குனு ஒரு கல்... டமால்னு ஒரு பில்!



‘கேரவன்’னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடும்? ஷூட்டிங் ஸ்பாட், ஹீரோ ஏறி உட்காருற ஏ.சி. வண்டி, வெளியே வெயில்ல காத்துக்கிட்டிருக்கிற கூட்டம்... அதானே? அமெரிக்கா, கனடா பக்கம் போனா இந்த ஜாதி வண்டிக்கு மோட்டார் ஹோம்னு பேரு. ஹீரோவுக்கு மட்டும் இல்லை, ரிட்டயர் ஆன தாத்தா பாட்டி, குழந்தை குட்டிங்களோட கிளம்புற குடும்பம், லீவு விட்ட காலேஜ் பசங்க... எல்லாருக்குமே அது ஓடுற வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே. ராத்திரி எங்கே நிறுத்துறோமோ, அதான் நம்ம ஊரு!

இந்த வாரம் நாம பேசப் போறது அந்த வீட்டோட சொகுசைப் பத்தி இல்லை பாஸ். அவ்வளவு பெரிய வீட்டையே நடுரோட்டுல உட்கார வெச்ச ஒரு கல்லைப் பத்தி. கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிசு. அவ்வளவுதான்.

நாலு பேர், ஒரு வண்டி

என்கூட மெக்கானிக்கல் படிச்ச நண்பன் ஒருத்தன், மேல்படிப்புக்கு அமெரிக்கா போனான். ரூம்மேட்ஸ் மூணு பேர். நாலு பேரும் கேம்பஸ் லைப்ரரியிலயும் கேன்டீன்லயும் பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசைப் போட்டு, பழைய மோட்டார் ஹோம் ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினாங்க. வேன் முகம், பின்னாடி பெட்டி வீடு. எஞ்சின் முன்னாடி. படிப்பு முடியறதுக்குள்ள ஒரே ஒரு லாங் டிரிப், அப்புறம் வண்டியை வித்துட்டு அவனவன் காசை அவனவன் எடுத்துக்கறதுன்னு பிளான்.

எங்கே போனாங்க தெரியுமா? கனடாவோட வடக்கு மூலைக்கு. விசா எல்லாம் எடுத்து, அலாஸ்கா ஹைவே பிடிச்சு மேலே போனாங்க. 1942-ல, ரெண்டாம் உலகப் போர் நேரத்துல, அமெரிக்க ராணுவம் எட்டே மாசத்துல காட்டை வெட்டிப் போட்ட ரோடு அது. இப்போ முழுக்க தார் போட்டாச்சு. ஆனா பனியில தரை உப்பி, இறங்கி, ரோடு அலை அலையா நெளிஞ்சு போகும். அதை ரிப்பேர் பண்ற இடத்துல எல்லாம் ஜல்லி கொட்டி வெச்சிருப்பாங்க.

அதையும் தாண்டி நம்மாளுங்க திரும்பினது டெம்ப்ஸ்டர் ஹைவே. பேருதான் ஹைவே. டாஸன் சிட்டி பக்கத்துல ஆரம்பிச்சு இனுவிக் ஊர் வரைக்கும் கிட்டத்தட்ட 740 கி.மீ., ஏறக்குறைய முழுக்க ஜல்லி ரோடு. தரைக்கு அடியில எப்பவும் உறைஞ்சே கிடக்கிற மண். அது உருகிடக் கூடாதுன்னு மேலே ஜல்லியைத் திண்டு மாதிரி உயரமாக் கொட்டி, அதுக்கு மேலே வண்டி விடுறாங்க. ஆரம்பத்துல பெட்ரோல் போட்டா, அடுத்த பங்க் ஈகிள் ப்ளெயின்ஸ்ல. நடுவுல 370 கி.மீ. கிட்ட ஒண்ணுமே கிடையாது. ரோட்டோட பெரும்பகுதியில செல்போன் சிக்னலையும் மறந்துடணும்.

கிளம்பறதுக்கு முந்தின நாள், ரூம்மேட் ஒருத்தன் கேட்டிருக்கான்: ‘முன்னாடி கிரில்லுக்குப் பின்னால ஒரு கம்பி வலை மாட்டிக்கலாமா? இங்கே நிறைய வண்டியில மாட்டியிருக்காங்களே.’ நம்ம மெக்கானிக்கல் சிங்கம் என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘வலை மாட்டினா காத்து அடைபடும், எஞ்சின் சூடாகும். வேண்டாம்.’ எஞ்சினீயர் சொல்லிட்டாரே! மத்த மூணு பேரும் வாயை மூடிக்கிட்டாங்க.

ரெண்டாவது நாள் மதியம். எதிர்ல ஒரு பெரிய ட்ரக், புழுதியைக் கிளப்பிக்கிட்டு வேகமா வந்தது. கடந்து போற நேரம், முன்பக்கத்துல ‘டக்’குனு ஒரு சத்தம். கண்ணாடியைப் பார்த்தாங்க. கீறல் இல்லை. அப்பாடான்னு போயிட்டே இருந்தாங்க.

கொஞ்ச நேரத்துல வண்டிக்குள்ள லேசா ஒரு தித்திப்பு வாசனை. ‘யாருடா ஸ்வீட் பாக்கெட்டைப் பிரிச்சது?’ன்னு கிண்டல் வேற. டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறுச்சு. ஓரம் கட்டலாமான்னு யோசிக்கும்போதே சரசரன்னு கீழே இறங்கிடுச்சு. ‘பார்த்தியா, ஆறிடுச்சு!’ன்னு நம்மாளு சொல்லியிருக்கான். அதுக்கப்புறம் சுமார் 15 கி.மீ. ஓட்டியிருக்காங்க. அப்புறம் எஞ்சின்ல தடதடன்னு ஒரு சத்தம், பானெட்லேர்ந்து புகை, வண்டி நின்னுடுச்சு. திரும்ப எழுந்திருக்கவே இல்லை.

முள் ஏன் பொய் சொல்லுச்சு?

இங்கேதான் எல்லாரும் ஏமாறுறாங்க. அதனால கொஞ்சம் கவனமா படிங்க.

எஞ்சின்ல எரியுற எரிபொருளோட சக்தியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுது. இன்னொரு பங்கு சைலன்ஸர் வழியா சூடாப் போயிடுது. மிச்சத்துல பெரும்பகுதியை வாங்கி வெளியே தள்ளுறது கூலிங் சிஸ்டம். வாட்டர் பம்ப் கூலன்ட்டை எஞ்சினுக்குள்ள சுத்தி விடும். அது சூட்டை வாங்கிக்கிட்டு முன்னாடி இருக்கிற ரேடியேட்டருக்கு வரும். அங்கே மெலிசான தட்டைக் குழாய்கள். குழாய்க்கு நடுவுல வளையல் பெட்டி பேப்பர் மாதிரி மடிச்சு மடிச்சு வெச்ச அலுமினியத் தகடுகள். அதுக்குப் பேரு ஃபின். காத்து அதுக்குள்ள புகுந்து போகும்போது சூடு இறங்கும். ஆறின கூலன்ட் திரும்ப எஞ்சினுக்கு. இதான் சுத்து.

அந்தக் குழாயில ஊசி நுழையற ஓட்டை விழுந்தாலும் போதும். உள்ளே இருக்கிறது அழுத்தத்துல இருக்கிற கொதிநீர். பீய்ச்சி அடிச்சு வெளியே போயிட்டே இருக்கும்.

இப்போ முள்ளுக்கு வருவோம். டெம்பரேச்சர் சென்ஸார் காட்டுறது அதைத் தொட்டுக்கிட்டிருக்கிற கூலன்ட்டோட சூட்டை. கூலன்ட் மட்டம் இறங்கி சென்ஸார் வெறும் காத்துல நின்னுடுச்சுன்னா? அது சரியான சூட்டைக் காட்டாது. முள் கீழே இறங்கிடும். அதாவது எஞ்சின் வெந்துக்கிட்டிருக்கும்போது, ‘நான் ஜில்லுனு இருக்கேன்’னு மீட்டர் சொல்லும்! காரணமே இல்லாம ஏறின முள், காரணமே இல்லாம சடக்குனு இறங்குச்சுன்னா, அது நல்ல செய்தி இல்லை. கடைசி எச்சரிக்கை.

தித்திப்பு வாசனையும் அப்படித்தான். கூலன்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைக்காலோட வாசனை அது. வண்டிக்குள்ள ஸ்வீட் வாங்காமலே ஸ்வீட் வாசனை வந்தா, நிறுத்திட்டு பானெட்டைத் திறந்து பாருங்க.

கல்லுக்கு எவ்வளவு பலம்?

‘ஒரு கல்லு என்ன பண்ணிடும்?’னு கேட்கிறவங்களுக்கு பிளஸ் டூ பிசிக்ஸ். பயப்படாதீங்க, ரெண்டே வரி. 20 கிராம் கல், காத்துல சும்மா மிதக்குதுன்னு வெச்சுக்கங்க. நீங்க 60 கி.மீ. வேகத்துல போய் மோதினா, அடி சுமார் 2.8 ஜூல். 90 கி.மீ. வேகத்துல மோதினா சுமார் 6.3 ஜூல். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுச்சு, அடி ரெண்டே கால் மடங்கு ஆயிடுச்சு. அந்தக் கல்லும் உங்களைப் பார்த்து அதே வேகத்துல பறந்து வந்தா, நாலு மடங்கு!

அதனால முதல் பாதுகாப்பு கடையில கிடைக்கறது இல்லை. உங்க வலது கால்ல இருக்கு. ஜல்லி ரோட்டுல எதிர்ல ட்ரக் வந்தா, வேகத்தைக் குறைச்சு, முடிஞ்ச வரைக்கும் ஓரமா ஒதுங்கி, அது போகட்டும்னு விடணும். முன்னாடி போற வண்டியோட வாலைப் பிடிச்சுக்கிட்டுப் போகக் கூடாது. அது கிளப்புற கல் எல்லாம் உங்க வண்டிக்குத்தான் அபிஷேகம். அந்தப் பக்கம் வாடகைக்கு மோட்டார் ஹோம் விடுற பல கம்பெனிங்க, ஜல்லி ரோட்டுல ஓட்டவே கூடாதுன்னு அக்ரிமென்ட்ல எழுதியிருப்பாங்க. காரணம் புரியுதா?

வலை மாட்டலாமா, கூடாதா?

நம்ம நண்பன் சொன்னது முழுத் தப்பு இல்லைங்க. பாதி சரி. அதான் பிரச்னையே. வலை காத்தைத் தடுக்கத்தான் செய்யும். எவ்வளவு தடுக்கும்ங்கறதுதான் கேள்வி. அதைக் கணக்குப் போடாம அவன் தீர்ப்பு சொல்லிட்டான்.

நாம போட்டுப் பார்ப்போம். 1 மி.மீ. கம்பி, 6 மி.மீ. சதுர ஓட்டை. ஒரு கட்டத்துக்கு மொத்தம் 7 மி.மீ. அப்போ திறந்திருக்கிற பரப்பு 36-ஐ 49-ஆல வகுத்தா, 73 சதவிகிதம். ஓட்டை 10 மி.மீ. ஆனா 100-ஐ 121-ஆல வகுக்கணும். கிட்டத்தட்ட 83 சதவிகிதம். ரேடியேட்டரைக் கிழிக்கிற சைஸ் கல்லை ரெண்டுமே நிறுத்திடும். சமவெளியில, மிதமான சூட்டுல போற வண்டிக்கு இது பெரிய சுமை இல்லை. ஆனா நல்ல வெயில்ல, முழு லோடோட மலை ஏறும்போது முள்ளை ஒரு கண்ணால பார்த்துக்கிட்டே இருக்கணும்.

சிலர் செய்யற தப்பு என்னன்னா, கொசுவலையை எடுத்து இறுக்கமா கட்டிடுறது. பூச்சிக்கு அது சரி. ஆனா கோடை நேரத்துல ஒரே நாள்ல பூச்சியும் புழுதியும் ஒட்டி அது போர்வை மாதிரி ஆயிடும். அப்புறம் காத்து எங்கேயிருந்து வரும்? கொசுவலை போட்டா தினமும் கழட்டித் தட்டணும். முடியலையா, போடாதீங்க.

வலை மாட்டறதுலயும் ஒரு வித்தை இருக்கு:

* ரேடியேட்டரோட முதுகுல ஒட்டி மாட்டாதீங்க. ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி வேணும். கல் பட்டு வலை உள்ளே அமுங்கினா, அமுங்கின கம்பியே ஃபின்னைக் குத்திடும்.
* பிளாஸ்டிக் டையை ஃபின்னுக்குள்ள விட்டுக் கட்டவே கூடாது. வண்டி அதிர அதிர அது குழாயை ரம்பம் மாதிரி அறுக்கும். கிரில் ஃபிரேம்ல, போல்ட் போட்டு, ஆடாம மாட்டணும்.
* ரேடியேட்டருக்கு முன்னாடி பெரும்பாலும் ஏ.சி. கண்டென்ஸரும், கியர் ஆயில் கூலரும் நிக்கும். கல் முதல்ல அடிக்கிறது அதுங்களைத்தான். கண்டென்ஸர் போனா வியர்வை. ஆயில் கூலர் போனா கியர் பாக்ஸ். அதனால வலை இது எல்லாத்துக்கும் முன்னாடி நிக்கணும்.
* ஜல்லி ரோடு முடிஞ்சதும் வலையைச் சுத்தம் பண்ணுங்க. தேவையில்லைன்னா கழட்டி வெச்சுடுங்க.

எஞ்சின் பின்னாடி இருந்தா?

இப்போ ஒரு ட்விஸ்ட். பெரிய பஸ் மாதிரி இருக்கிற டீசல் மோட்டார் ஹோம்ல எஞ்சின் பின்னாடி இருக்கும். பல வண்டிகள்ல ரேடியேட்டரும் பின்னாடியேதான். ‘அப்போ கல்லே படாதே, ஜாலி!’னு நினைக்காதீங்க. இங்கே எதிரி எதிர்ல வர்ற ட்ரக் இல்லை, நம்ம சொந்த டயர்!

பின் டயருங்க கிளப்புற கல்லும் புழுதியும் நேரா எஞ்சின் இருக்கிற இடத்துக்குள்ள போகும். அங்கேயிருந்து ஃபேன் காத்தை இழுத்து ரேடியேட்டர் வழியா வெளியே தள்ளும். கூடவே எஞ்சினோட மூச்சுக் குழாய்லேர்ந்து லேசா ஆயில் ஆவி வரும். ஆயிலும் புழுதியும் சேர்ந்தா என்ன ஆகும்? பசை! ஃபின்னுக்கு நடுவுல அடை மாதிரி அப்பிக்கும். இதுல கொடுமை என்னன்னா, பின்னாடி கதவைத் திறந்து பார்த்தா ரேடியேட்டர் பளிச்சுனு இருக்கும். அழுக்கு இருக்கிறது எஞ்சினைப் பார்த்த பக்கம். டார்ச்சை எடுத்துக்கிட்டு, எஞ்சின் பக்கத்துலேர்ந்து எட்டிப் பார்த்தாதான் தெரியும்.

மருந்து என்ன? மூச்சுக் குழாயை நீட்டி, ஃபேன் இழுக்கிற இடத்தைத் தாண்டி வெளியே விடணும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது, ஜல்லி ரோடு போய் வந்தா கண்டிப்பா, அலுமினியத்தை அரிக்காத டீகிரீஸர் அடிச்சு, ஊற விட்டு, குறைஞ்ச அழுத்தத் தண்ணியில கழுவணும். காத்து போற திசைக்கு எதிர்த் திசையில கழுவினா வந்த வழியிலேயே அழுக்கு வெளியேறும். பிரஷர் வாஷரை நேரா பிடிச்சா ஃபின் எல்லாம் படுத்துடும். கல் செய்யாததை நாமே செஞ்ச மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு. அங்கே பலர் மோட்டார் ஹோமுக்குப் பின்னாடி ஒரு சின்ன காரையும் கட்டி இழுத்துக்கிட்டுப் போவாங்க. போய்ச் சேர்ந்த ஊர்ல சுத்திப் பார்க்க. முன்னாடி போற வீட்டோட டயர் கிளப்புற கல் எல்லாம் அந்தக் காரோட ரேடியேட்டர்லயும் கண்ணாடியிலயும் படும். அதுக்கு மட்ஃபிளாப், காருக்கு முன்னாடி ஒரு தடுப்புன்னு வெப்பாங்க. ஆனா வண்டி அகலத்துக்கு ஒரே பலகை மாதிரி மட்ஃபிளாப் தொங்க விட்டா, பின் ரேடியேட்டருக்குக் காத்தோட்டம் கெட வாய்ப்பு உண்டு. மாட்டினதும் ஒரு மேடு ஏறிப் பார்த்து, முள் பழைய இடத்துலயே நிக்குதான்னு கவனிக்கணும். கார் தப்பிச்சு வீடு எரிஞ்ச கதை ஆகிடக் கூடாது இல்லையா?

பெரிய பொருள் கிடந்தா?

கல் மட்டுமா ரோட்டுல கிடக்கும்? லாரி டயர்லேர்ந்து பிஞ்சு விழுந்த ரப்பர் பட்டை, ஏணி, மெத்தை, கம்பி... டயர் பட்டைக்கு அமெரிக்க லாரிக்காரங்க வெச்சிருக்கிற செல்லப் பேரு ‘கேட்டர்’, அதாவது முதலை! ரோட்டுல படுத்திருக்கும். மேலே ஏத்தினா வாலைச் சுழட்டி அடிக்கும். ஹோஸ், குழாய், ஒயர் எதையும் பிடுங்கிடும்.

அமெரிக்க ஆட்டோமொபைல் அசோசியேஷனோட போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016-ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. 2011-லேர்ந்து 2014 வரைக்கும் அந்த நாட்டுல ரோட்டுல கிடந்த பொருட்களால 2 லட்சத்துக்கும் மேல விபத்து. 39,000 பேருக்குக் காயம். 500 பேருக்கு மேல சாவு. இதுல என்னை உறைய வெச்ச விஷயம், செத்தவங்கள்ல கிட்டத்தட்ட 37 சதவிகிதம் பேரோட விபத்து, பொருள் மேல மோதக் கூடாதுன்னு வண்டியைச் சடார்னு ஒடிச்சதால நடந்தது.

அதனால மனசுல எழுதி வெச்சுக்கங்க. மோட்டார் ஹோம் மாதிரி உயரமான, பல டன் எடையுள்ள வண்டியை ஒரு ரப்பர் துண்டுக்காக ஒடிக்காதீங்க. தூரத்துலயே பார்க்கிற மாதிரி இடைவெளி விட்டு ஓட்டுங்க. பார்த்ததும் கண்ணாடியைக் கவனிச்சு, பிரேக்கை நிதானமா மிதிங்க. இடம் இருந்தா மெதுவா விலகுங்க. இல்லைன்னா வேகத்தைக் குறைச்சு, நேராவே கடந்துடுங்க. ரேடியேட்டரை மாத்திக்கலாம். ஆளை மாத்த முடியாது.

இன்னொரு கணக்கும் அந்த ஆய்வுல இருக்கு. இந்த விபத்துகள்ல மூணுல ரெண்டு பங்குக்குக் காரணம், சரியாக் கட்டாத சரக்கும், சரியாப் பராமரிக்காத வண்டியும். நம்ம வண்டியிலேர்ந்து விழுற பொருள், பின்னாடி வர்றவனோட எமன். கயிறை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துட்டுக் கிளம்புங்க.

அடி பட்டுடுச்சு... இப்போ?

திரும்ப நம்ம நாலு பேர்கிட்ட போவோம். வண்டி நின்னு, புகை வருது. பதற்றத்துல ஒருத்தன் துண்டை எடுத்துக்கிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போயிருக்கான். அந்த நேரம் பின்னாடி வந்து நின்ன ஒரு ட்ரக் டிரைவர், வண்டியிலேர்ந்து இறங்காமலே கத்தியிருக்காரு: ‘தொடாதே!’

அந்த மனுஷன் அன்னிக்கு ஒரு முகத்தைக் காப்பாத்தினாருன்னுதான் சொல்லணும். ஏன்னா, பாதிக்குப் பாதி கூலன்ட்டும் தண்ணியும் கலந்து, 15 பி.எஸ்.ஐ. மூடி போட்டிருந்தா அது சுமார் 129 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காம இருக்கும். மூடியைத் திறந்த நொடியில அழுத்தம் போயிடும். உள்ளே இருக்கிறது மொத்தமா கொதிச்சு, ஆவியும் வெந்நீருமா மேலே பீறிடும். துண்டு எல்லாம் தாங்காது.

அதனால அடி பட்டா வரிசை இதுதான்:

* ‘டக்’ சத்தம் பலமாக் கேட்டா, பத்திரமான இடம் பார்த்து நிறுத்தி, கீழே குனிஞ்சு பாருங்க. சொட்டு விழுதா? கலர் தண்ணியா? ரெண்டு நிமிஷ வேலை. நம்மாளுங்க செய்யாம விட்டது இதைத்தான்.
* சூடு மட்டும் ஏறுது, கூலன்ட் போகலைன்னா, ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுசாப் போடுங்க. வியர்க்கும். ஆனா ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை வாங்கிக்கும். வேகத்தைக் குறைச்சு ஓரம் கட்டுங்க.
* புகை, ஒழுக்கு, முள் சடக்குனு இறங்கறதுன்னு எது இருந்தாலும் எஞ்சினை உடனே ஆஃப் பண்ணுங்க. ‘அடுத்த ஊர் வரைக்கும்’ கதையே வேண்டாம்.
* மூடியைத் தொட்டுப் பார்த்தா கை சுடாத அளவுக்கு ஆறணும். அரை மணி நேரமோ அதுக்கு மேலயோ ஆகும். ஆகட்டும்.
* வெந்த எஞ்சின்ல பச்சைத் தண்ணியை ஊத்தினா இரும்பு விரிசல் விடலாம். முழுசா ஆறட்டும்.
* ரேடியேட்டருக்குன்னே எபாக்ஸி பசை, தானே ஒட்டிக்கிற சிலிகான் டேப், ஒரு ஸ்பேர் பெல்ட், 10, 20 லிட்டர் தண்ணி. தூர ரோட்டுக்கு இது கட்டாயச் சுமை. சின்ன ஓட்டையை அடைச்சு, மெதுவா அடுத்த ஒர்க்‌ஷாப் வரைக்கும் போயிடலாம்.
* ஒழுகின கூலன்ட்டை அப்படியே விட்டுட்டுப் போகாதீங்க. தித்திப்பா இருக்கறதால நாய், பூனை நக்கும். எத்திலீன் கிளைக்கால் விஷம். கிட்னியைக் கெடுத்துக் கொன்னுடும். துடைச்சு எடுங்க, இல்லை மண்ணைப் போட்டு அள்ளுங்க.

இதெல்லாம் எனக்கு எதுக்கு?

‘என்கிட்ட இருக்கிறதே ஒரு பைக், நான் ஏன் மோட்டார் ஹோம் பத்திக் கவலைப்படணும்?’னு கேட்கிறீங்களா? அந்த பைக்குலயே ரேடியேட்டர் இருக்கலாம் பாஸ்! 2008-ல யமஹா ஆர்15 வந்ததுலேர்ந்து நம்ம ஊர் காலேஜ் பார்க்கிங்லயும் லிக்விட் கூல்டு பைக் சகஜம் ஆயிடுச்சு. ரேடியேட்டர் எங்கே இருக்கு? முன் டயருக்கு நேர் பின்னாடி. டயர் கிளப்புற ஒவ்வொரு கல்லுக்கும் அதான் டார்கெட். லடாக் டிரிப், ஏற்காடு டிரிப்புன்னு கிளம்பறவங்க கேமராவுக்கும் ஜாக்கெட்டுக்கும் செலவு பண்ணுவாங்க. ரேடியேட்டர் கார்டு மட்டும் ஞாபகத்துக்கே வராது.

மேலே சொன்னது எல்லாமே இங்கேயும் பொருந்தும். கார்டு ஃபின்னைத் தொடக் கூடாது. ஓட்டை ரொம்பப் பொடியா இருக்கக் கூடாது. சேறு அடைச்சா கழுவணும். வாட்டர் சர்வீஸ் விடும்போது, ‘அண்ணே, ரேடியேட்டர்ல மட்டும் பிரஷர் அடிக்காதீங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முன் மட்கார்டு வாலை அழகுக்காக வெட்டி எறியாதீங்க, அது அழகுக்கு வெச்சது இல்லை. மாசத்துக்கு ஒரு தடவை ரிசர்வ் டப்பாவுல கூலன்ட் ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கான்னு பாருங்க. குறைஞ்சா போர் தண்ணியை ஊத்தாதீங்க, உப்புப் படிஞ்சு குழாயை அடைச்சுடும்.

கடைசியா...

நம்ம நாலு பேர் கதை எப்படி முடிஞ்சுது? அந்த ட்ரக் டிரைவர்தான் அவங்களை ஏத்திக்கிட்டுப் போய் விட்டாரு. வண்டியை இழுத்துட்டு வர ஆன செலவு, எஞ்சின் மாத்த கேட்ட காசு, ரெண்டையும் கூட்டினா வண்டி வாங்கின விலையைத் தாண்டிடுச்சு. வேற வழியில்லாம வந்த விலைக்கு அங்கேயே தள்ளிட்டு, பஸ்ஸும் ஃபிளைட்டுமா திரும்பினாங்க. ரெண்டு வருஷமா புஸ்தகம் அடுக்கிச் சேர்த்த காசு, ஒரு கல்லுல போச்சு.

நண்பன் போன்ல சொன்னது இன்னும் என் காதுல இருக்கு. ‘காசு போனது கூடப் பரவாயில்லைடா. வலை மாட்டலாமான்னு கேட்டவன் ஹிஸ்டரி படிக்கிறவன். அவனுக்கு எஞ்சின் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா மத்த வண்டிங்களைப் பார்த்துட்டுக் கேட்டான். எனக்குத் தெரியும்ங்கறதால நான் பார்க்கவே இல்லை. அவன் இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை என்னைச் சொல்லிக் காட்டலைடா. அதான் தாங்க முடியலை.’

ஃப்ரெண்ட்ஸ், நாலு பேர் சேர்ந்து கிளம்பற டிரிப்புல, ‘எனக்குத் தெரியும்’னு சொல்ற ஆளு நீங்களா இருக்கலாம். அப்போ அரைகுறையாக் கேட்கிற ஃப்ரெண்டோட கேள்விக்கு ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க. பேப்பரை எடுத்து 36-ஐ 49-ஆல வகுத்துப் பாருங்க. அவ்வளவுதான் தேவைப்பட்டது அன்னிக்கு.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு டார்ச்சை எடுத்துக்கிட்டு உங்க வண்டி ரேடியேட்டரை ஒரு தடவை எட்டிப் பாருங்க. அடுத்த வாரம் வேற ஒரு வண்டி மேட்டரோட சந்திப்போம். அதுவரைக்கும், முன்னாடி போற லாரிக்கு இடைவெளி விட்டு... பை பை!